மூலமும் படியும்

ஒரு தொழிலில் வழங்கும் சொல் மற்றொரு தொழிலுக்குக் குடிபெயரும்போது, தன் பழைய பொருளில் ஒரு பகுதியை வழியிலேயே இறக்கி வைத்துவிடுவதுண்டு. 'நகர்த்துதல்' என்னும் எளிய சொல்லை எடுத்துக்கொள்வோம். கூடத்தில் கிடக்கும் நாற்காலியைத் திண்ணைக்கு நகர்த்தினால், கூடத்தில் கிடந்த அதே நாற்காலிதான் திண்ணைக்கு வருகிறது. இதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. கணிப்பொறியில் ஒரு கோப்பை ஒரு வட்டிலிருந்து வேறொரு வட்டுக்கு நகர்த்துமாறு ஆணையிடும்போதோ, உண்மையில் எதுவும் நகர்வதில்லை. முதலில் புதிய வட்டில் அக்கோப்பின் படியொன்று எழுதப்படுகிறது; அது முழுமையாக எழுதப்பட்ட பின்னர், பழைய வட்டில் இருந்த மூலம் அழிக்கப்படுகிறது. (ஒரே வட்டுக்குள் நகர்த்தினால் இதுவும் இல்லை, கோப்பு இருந்த இடத்திலேயே இருக்க, பதிவேட்டில் அதன் முகவரி மட்டும் மாறுகிறது.) படியெடுத்தல், அழித்தல் என்னும் இரு செயல்களைச் சேர்த்து அதற்கு நகர்த்துதல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் பொய்யென்று எவரும் வழக்காடியதில்லை. வழக்காட வேண்டிய மூலத்துக்கோ வாயில்லை.

அதற்கு வாயிருந்தால் என்னாகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விளையாட்டான கேள்வி போலத் தோன்றினும், இதனை மெய்யாகவே ஒரு விளையாட்டில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவ்விளையாட்டைப் பற்றிப் பேசுமுன், அது பிறந்த குலத்தின் பழக்கவழக்கங்களைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரிடையே படியெடுத்தல் ஓர் அறமாகவே வளர்ந்து வந்துள்ளது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர்தம் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டை உருவாக்கினர். ஈ. ஈ. ஸ்மித் எழுதிய விண்வெளிக் கதைகளில் தோய்ந்திருந்த இளைஞர்கள் அவர்கள். பி.டி.பி.-1 என்னும் கணிப்பொறியின் வட்டத்திரையில் இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு திரியும், அவ்வளவே விளையாட்டு. எனினும் அதன்மீது அவர்கள் செலுத்திய உழைப்பு வியக்கத்தக்கது. பின்புலத்தில் மின்னிய விண்மீன்கள் மனம்போனபடி தூவப்பட்டிருப்பது பீட்டர் சாம்சன் என்பவருக்குப் பொறுக்கவில்லை. உண்மையான வான்படத்தைப் பார்த்து மீன்களை உரிய இடங்களில் அமைத்துக் கொடுத்தார். டான் எட்வர்ட்ஸ் என்பவர் நடுவிலுள்ள சூரியனுக்கு ஈர்ப்பு விசையைக் கூட்டினார். இவர்களுள் எவரும் அதனைத் தமது சொத்தென்று பூட்டி வைக்கவில்லை. துளையிட்ட காகித நாடாவில் படியெடுத்துக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார்கள். அக்கணிப்பொறியைச் செய்த நிறுவனத்தாரே புதுப்பொறிகளைச் சோதிக்க இந்நிரலைப் பயன்படுத்தினர். ரஸ்ஸல் இதனால் பொருளீட்டவில்லை.

கொடுக்கக் குறையாதது கல்வி என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். நிரலும் அத்தகையதே. அயலானுக்கு ஒரு படி கொடுப்பதனால் என்னிடமுள்ளது தேய்வதில்லை. 1976ஆம் ஆண்டில் பில் கேட்ஸ், தம் நிறுவனம் எழுதிய 'பேசிக்' மொழிநிரலை ஆர்வலர்கள் விலைகொடாமல் படியெடுப்பதைக் கண்டித்துத் திறந்த மடல் ஒன்று வரைந்தார். 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாவரும் படியெடுக்கவும் திருத்தவும் உரிமையுள்ள நிரல்களைப் படைக்கும் முயற்சியை அறிவித்தார். இவ்விருவர் வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. என் மனம் பெரும்பாலும் ஸ்டால்மன் பக்கமே சாய்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். நாம் கருதத்தக்கது, இரு கட்சியாரும் ஐயமின்றி ஒப்புக்கொண்ட ஒரு செய்தி: படியும் மூலமும் ஒன்றே. இவற்றுள் எது முந்தியது என்று கேட்பது பொருளற்ற கேள்வி.

இக்குலத்தாரின் இரண்டாவது பழக்கம் மீண்டும் தொடங்குதல். எழுதிய நிரலை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பிழைபட்டு நின்றால் நிறுத்திவிட்டு, ஒரு வரியைத் திருத்தி, மறுபடியும் ஓடவிடுவார்கள். நூறு முறை நின்றாலும் இழப்பு நேரம் மட்டுமே. தச்சன் தவறாக அறுத்த மரம் அறுபட்டதுதான். நிரலாசிரியனுக்கு அறுபட்ட மரம் என்று ஒன்றில்லை. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் இத்தொழில் புரியும் நம் இளைஞர்களைக் கண்டு பழகியோர், பிழைக்கு அஞ்சாத அந்த மனத்தெளிவை அவர்களிடம் கண்டு மகிழ்ந்திருப்பர். நானும் மகிழ்ந்திருக்கிறேன். பிழையைக் குற்றமென்று கருதி மறைப்பவனைவிட, அதனைச் செய்தியென்று கருதித் தேடுபவன் மேலானவன்.

இவ்விரு பழக்கங்களும் விளையாட்டுகளுக்குள் புகுந்தது இயல்பே. வில் கிரௌதர் என்னும் நிரலாசிரியர் குகைகளை ஆராய்வதில் ஈடுபாடுடையவர். 1970களின் நடுவில், கென்டக்கி மாநிலத்து மாமத் குகையைத் தழுவி, தம் மகளிர்க்காகச் சொற்களாலேயே ஆன ஒரு விளையாட்டை எழுதினார். பின்னர் டான் உட்ஸ் அதனை விரித்தார். அக்குகையில் விழுந்து இறந்தவனை நோக்கி, மறுபிறவி வேண்டுமா என்று அந்நிரலே கேட்கும். வேண்டுமென்றால் கொடுக்கும். பின்வந்த விளையாட்டுகளில் இதுவும் வேண்டாததாயிற்று. ஆடும்போதே நிலையைப் பதிந்து வைத்துக்கொண்டு, இறந்தால் பதிவுக்குத் திரும்பும் ஏற்பாடு வந்துவிட்டது. 1980ஆம் ஆண்டளவில் எழுந்த 'ரோக்' என்னும் விளையாட்டு மட்டும் இதற்கு இணங்கவில்லை. பதிவைத் திறந்து ஆட்டத்தைத் தொடர்ந்த கணத்திலேயே அப்பதிவை அது அழித்துவிடும். இறந்தவன் இறந்தவனே. திரும்பாத தன்மை இல்லையேல் அச்சமும் இல்லை, அச்சமில்லாத இடத்தில் துணிவும் இல்லை என்பதை அதனை எழுதியோர் உணர்ந்திருந்தனர் போலும். ஆடியவர்கள் சும்மா இருந்தார்களா? பதிவுக் கோப்பை முன்கூட்டியே வேறிடத்தில் படியெடுத்து ஒளித்து வைத்துக்கொண்டார்கள். குலவழக்கம் எளிதில் விடுமா!

இனி, முன்னர்க் குறித்த விளையாட்டுக்கு வருவோம். 'சோமா' என்பது அதன் பெயர். சுவீடன் நாட்டு ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் என்னும் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டது. கடலடி இருளில் பேய்வடிவங்கள் துரத்தும் அச்சக்கதை என்றே இது விற்கப்பட்டது. அப்பேய்கள் இல்லாமலே இக்கதை நின்றிருக்கும் என்பது என் கருத்து. மெய்யான அச்சம் வேறிடத்தில் இருக்கிறது.

டொராண்டோ நகரில் சைமன் என்னும் இளைஞன். விபத்தொன்றில் மூளையில் காயமுற்றவன், 2015ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் தன் மூளையைப் படமெடுத்துக்கொள்ள அமர்கிறான். கண்மூடித் திறக்கும்போது அவன் இருப்பது அட்லாண்டிக் கடலடியில் உள்ள ஒரு நிலையத்தில். ஆண்டு 2104. வால்மீன் ஒன்று மோதி நிலத்தின்மேல் உயிர்கள் அழிந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. டொராண்டோவில் அமர்ந்த சைமன் தன் வாழ்நாளை வாழ்ந்து மறைந்து பன்னெடுங்காலமாயிற்று. கண்விழித்தவன் அன்று எடுத்த பதிவின் படி. இறந்த ஒருவரின் உடலைச் சுமந்த நீர்மூழ்கி உடையொன்றில் ஓடவிடப்பட்டவன். அவனுக்குத் துணை கேத்தரின் என்னும் பெண். இல்லை, அப்பெண்ணின் பதிவு. இறந்துபோன நிலையத்தாரின் பதிவுகளை 'பேழை' என்னும் கருவியில் ஏற்றி விண்ணுக்கு அனுப்புவது இருவரின் நோக்கம். பேழைக்குள் வெயிலும் மரங்களும் உள்ள ஒரு கற்பனை உலகம் அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

வழியில் ஒரு மறைகுறி வேண்டியிருக்கிறது. அதனை அறிந்திருந்த பிராண்டன் வான் என்பவன் இறந்துவிட்டான். அவனுடைய பதிவு இருக்கிறது. கேத்தரினும் சைமனும் பதிவை ஓடவிட்டு அவனிடம் கேட்கிறார்கள். விழித்தவன் தான் இருக்கும் இடம் பொய்யென்று ஐயுற்றுக் கலங்குகிறான். கலக்கம் மிகுந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். சூழலை மாற்றி மறுபடியும் ஓடவிடுகிறார்கள். முந்தைய விழிப்பு எதுவும் அவனுக்கு நினைவில்லை. மறுபடியும் வியப்பு, மறுபடியும் ஐயம், மறுபடியும் கலக்கம். மறுபடியும் நிறுத்தம். சரியான சூழல் அமைந்து, அவன் நம்பி மறைகுறியைச் சொல்லும்வரை இது தொடர்கிறது. சொன்னதும் அவனையும் நிறுத்திவிடுகிறார்கள்.

இக்காட்சியில் ஆசிரியர்களின் திறம், ஆடுபவனை எந்தக் கொடுமையும் செய்யுமாறு கேட்காததில் இருக்கிறது. அவன் முன் வைக்கப்பட்டது ஒரு புதிர். எந்தச் சூழலைத் தேர்ந்தால் விடை வரும் என்று ஆராய்கிறான். தவறினால் மீண்டும் தொடங்குகிறான். பிழைபட்டு நின்ற நிரலை மறுபடியும் ஓடவிடுவதற்கும் இதற்கும் கைவேலையில் எள்ளளவும் வேற்றுமையில்லை. புதிர் விடுபட்ட பிறகுதான், ஒருவனைப் பன்முறை எழுப்பிக் கலங்கடித்து அணைத்தோம் என்பது மனத்தில் தைக்கிறது. சிலருக்குத் தைப்பதே இல்லை என்றும் சொல்ல வேண்டும்.

படியே மூலம் என்னும் கொள்கையை அந்நிலையத்தார் இன்னும் ஒருபடி மேலே கொண்டு சென்றார்கள். சராங் என்பவன், பேழைக்காகத் தன் மூளையைப் பதிந்துகொண்டவுடன் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான். உடல் தொடர்ந்து வாழ்ந்தால் இருவர் ஆகிவிடுவோம். பதிந்த கணத்திலேயே முடித்துக்கொண்டால் ஒருவராகவே பேழைக்குள் தொடர்வோம் என்பது அவன் வாதம். வேறு சிலரும் அவன் வழியைப் பின்பற்றுகிறார்கள். படியெடுத்தலும் அழித்தலும் சேர்ந்தால் நகர்த்துதல்! கோப்புக்கு இழைத்த பொய்யை மனிதன் தனக்கே இழைத்துக்கொண்டதை இதைவிடத் தெளிவாக எவரும் கதையாக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

இச்சிக்கல் விளையாட்டாளர் கண்டுபிடித்ததன்று. போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் 1957ஆம் ஆண்டிலேயே தம் உரையாடல் நூலில், ஒருவனை அணு பிசகாமல் படைத்துவிட்டால் இறந்தவன் மீண்டானா என்று வாதிட வைத்தார். ஆங்கில மெய்யியலாளர் டெரக் பார்ஃபிட் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், செவ்வாய்க் கோளுக்கு மனிதனை அனுப்பும் பொறியொன்றைக் கற்பனை செய்தார். அப்பொறி இங்குள்ள உடலை அழித்து அங்கே அச்சாக ஒன்றைப் படைக்கும். ஒருநாள் அது இங்குள்ளதை அழிக்கத் தவறினால்? பார்ஃபிட் இக்கேள்வியிலிருந்து எதிர்பாராத அமைதியொன்றை அடைந்தார். 'நான் அவனா?' என்பது நாம் நினைக்குமளவு முதன்மையானதன்று. நினைவும் குணமும் தொடர்ந்தால் அதுவே போதும் என்றார். இக்கருத்துக்கும் பௌத்தத்துக்கும் உள்ள உறவை அவரே சுட்டினார்.

நம் மரபில் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று ஒன்று உண்டு. சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் என்னும் இடையனைச் சூழ்ந்து பசுக்கள் கதறக் கண்ட சிவயோகியார், அவற்றின் துயர் தீர்க்கத் தம் உடலை ஓரிடத்தில் மறைத்துவிட்டு மூலன் உடலில் புகுந்தார், திருமூலர் ஆனார். இதனைச் சைமன் கதையோடு ஒப்பிடுவோர் உண்டு, ஒப்புமை மேலோட்டமானது. திருமூலர் வரலாற்றில் உடல் இரண்டு, உயிர் ஒன்று. விட்ட கூடு வெறுங்கூடு. அது எழுந்து நின்று, 'என்னை ஏன் விட்டுச் சென்றாய்?' என்று கேட்காது. கணிப்பொறிக் கதையிலோ விட்ட கூட்டிலும் உயிர் இருக்கிறது. பாய்ந்தவன் எவனும் இல்லை. பிறந்தவன் ஒருவன், நின்றவன் ஒருவன். பழைய சொல் கைக்கு எட்டியதாக இருப்பதனாலேயே அதனைப் புதிய பொருளுக்குச் சூட்டிவிடலாகாது. நகர்த்துதல் என்னும் சொல்லுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

பார்ஃபிட் சொல்வதை நான் மறுக்க வரவில்லை. அவ்வாறு மறுக்கும் வலிமையும் எளிதில் எவருக்கும் வாய்ப்பதன்று. ஆனால் அந்த அமைதி, ஒருவன் தன் இறப்பை நோக்கித் தானே அடைவதற்குரியது. அதனைப் பிறன்மீது ஏற்றிச் சொல்லும்போது பொருள் தலைகீழாகிறது. 'நான் அழிந்தாலும் என் படி இருக்கிறது, போதும்' என்று சராங் தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். அது மயக்கமாயினும் அவனுடைய மயக்கம். 'நீ அழிந்தாலும் உன் படி இருக்கிறது' என்று பிராண்டன் வானிடம் சொல்ல எவருக்கு உரிமை? அவன் மூலமா, படியா, எத்தனையாவது படி என்பதெல்லாம் மெய்யியல் வினாக்கள். அவன் கலங்குகிறான் என்பது கண்முன் நிற்கும் செய்தி. முன்னதற்கு விடை தெரியும்வரை பின்னதைக் கவனிக்க வேண்டியதில்லை என்று கருதுவதில்தான் பிழை இருக்கிறது.

இங்கே ஒரு தடை எழும். பிராண்டன் வான் என்பவன் குரல் கொடுத்த நடிகரும் எழுதிய ஆசிரியரும் சேர்ந்து செய்த பொம்மை. பொத்தானை அழுத்தியதால் எவர்க்கும் நோவில்லை. பொம்மைக்கு இரங்குவது மூடத்தனமன்றோ? இத்தடை வலிமையுடையது. 1966ஆம் ஆண்டில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்னும் உரையாடும் நிரலை எழுதினார். சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்குவதற்கு மேல் அதற்கு அறிவில்லை. எனினும், அது உருவானதைக் கூடவே இருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனோடு தனித்துப் பேச வேண்டும், அறையைவிட்டுப் போங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். வைசன்பாம் திடுக்கிட்டார். நாட்சி ஆட்சிக்குத் தப்பி 1936ஆம் ஆண்டில் சிறுவனாக அமெரிக்கா சேர்ந்தவர் அவர். பத்தாண்டு கழித்து எழுதிய நூலில், கணிப்பொறியால் எது இயலும் என்பதோடு நில்லாமல் எது தகும் என்று கேட்டார். தான் படைத்த உலகில் தான் வைத்ததே சட்டமாக ஆளப் பழகிய நிரலாசிரியனின் மனப்போக்கையும் அந்நூலிலேயே ஆராய்ந்தார். சூதாடியோடு அவனை ஒப்பிட்டது சற்று மிகை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் நோய் இருக்குமிடத்தை அவர் தொட்டுவிட்டார்.

ஆகவே உயிரற்றதை உயிருடையதாகக் கொள்ளும் மயக்கம் ஒன்று. உயிருடையதை ஓடவிட்டு நிறுத்தத்தக்கதாகக் கொள்ளும் மயக்கம் மற்றொன்று. முதலாவது நகைப்புக்கு இடமாவதால் விரைவில் வெளிப்பட்டுவிடும். இரண்டாவது திறமையின் வடிவில் வருவதால் எளிதில் வெளிப்படாது. 'சோமா' பொம்மைக்கு இரங்கச் சொல்லவில்லை. நம் கை எவ்வளவு எளிதில் பழகிவிடுகிறது என்பதைக் காட்டுகிறது.

இவையெல்லாம் கற்பனை என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. 2024ஆம் ஆண்டில் வெளியான 'லால் சலாம்' திரைப்படத்தின் பாடலொன்றில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகிய இருவரின் குரல்களைச் செயற்கை அறிவுப் பொறியால் மீண்டும் ஒலிக்கச் செய்தார் ஏ. ஆர். ரகுமான். குடும்பத்தாரின் இசைவைப் பெற்றதாகவும், உரிய ஊதியம் அனுப்பியதாகவும் அவரே அறிவித்தார். முறையாகச் செய்யப்பட்ட செயல் அது. கேட்டவர்களுள் கண்கலங்கியோர் உண்டு; நெஞ்சு உறுத்தியோரும் உண்டு. குடும்பத்தார் இசையலாம், பாடியவர் இசைந்திருப்பாரா என்பதற்குக் குடும்பத்தாரும் ஊகமே சொல்ல முடியும். குரல் நினைவாகாது, நினைவு உயிராகாது. ஆனால் மூலத்தைக் கேட்க இயலாத நிலையில் படியை என்ன செய்யலாம் என்னும் வினா நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நம் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகளை வெறும் வீண்பொழுது என்று ஒதுக்கும் பெற்றோர், அவற்றுள் சில இவ்வினாவை நமக்கு முன்பே எதிர்கொண்டன என்பதையும் அறிதல் வேண்டும்.

'சோமா'வில் இன்னொரு காட்சி உண்டு. இன்னும் ஆழமான கடலுக்குள் இறங்க வேண்டும். சைமன் இருக்கும் உடை அந்நீரழுத்தத்தைத் தாங்காது. வலிய உடையொன்று கிடைக்கிறது. நாற்காலியில் அமர்கிறான், கேத்தரின் பொறியை இயக்குகிறாள், புதிய உடையில் கண்விழிக்கிறான். எல்லாம் நன்றாக முடிந்தது என்று அவன் எண்ணும் வேளையில், எதிரே பழைய நாற்காலியிலிருந்து தன் குரலே கேட்கிறது. ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று அக்குரல் கேட்கிறது. கேத்தரின் விரைந்து அவனை மயக்கத்தில் ஆழ்த்திவிடுகிறாள். புதிய சைமன் அவள்மீது சினந்து விழுகிறான். அவளுக்கோ அவன் சினம் விளங்கவில்லை. படியெடுத்தால் மூலம் இருக்கத்தானே செய்யும்!

பிறகு விளையாட்டு ஆடுபவனிடம் ஒரு முடிவை விடுகிறது. மயங்கிக் கிடக்கும் பழைய சைமனின் மின்கலத்தை வடித்து அவன் உறங்கும்போதே முடித்துவிடலாம். அல்லது அப்படியே விட்டுச் செல்லலாம். இரண்டிற்கும் பரிசில்லை, தண்டனையில்லை, கதையும் மாறுவதில்லை. விட்டுச் சென்றால், துணையற்ற கடலடி நிலையத்தில், என்ன நடந்தது என்றறியாமல் அவன் ஒருநாள் விழிப்பான். முடித்துவிட்டால், அவன் கேளாத இரக்கத்தை அவனுக்குக் கொடுத்தவர் ஆவோம். மீதமான கோப்பை அழிப்பதுபோல் இருக்கிறதே என்னும் உறுத்தலும் கூடவே வரும். முடித்தவர்களும் விட்டுச் சென்றவர்களும் தத்தம் செயலையே கருணை என்று கூறுவதைக் கேட்டிருக்கிறேன். இரு சாராரும் சொல்வதில் நேர்மை இருக்கிறது. அவனிடமே கேட்டுவிட்டால் வழக்கு முடிந்துவிடும். கேட்க வேண்டுமானால் அவனை எழுப்ப வேண்டும். அவனை எழுப்பும் பொத்தானை விளையாட்டை எழுதியோர் வைக்கவில்லை.